ஒரே ஊசிதான் என்று சொன்னேன்

என் பிரிவுபசார விழாவில் உங்களில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "சாருடைய விரலுக்குக் கண் உண்டு" என்றீர்கள். எல்லோரும் கைதட்டினீர்கள். கழுத்தில் மாலையும் தோளில் சால்வையுமாக உட்கார்ந்திருந்த நான் அப்போதே எழுந்து, அது பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தட்டில் கேசரி ஆறிக்கொண்டிருந்தது, உங்களுக்கும் வார்டுக்குத் திரும்ப வேண்டிய அவசரம். அதனால் இப்போது எழுதுகிறேன். படித்து முடித்ததும் என்மேல் வைத்திருக்கிற மதிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நோயாளிகளுக்கு அது நல்லது.

அந்தப் பட்டம் எனக்குத் திண்டிவனத்தில் கிடைத்தது. அங்கே ஒரு மருத்துவமனையில் பதினோரு வருடம் பொது மருத்துவனாக இருந்தேன். மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் முதுகில் ஊசி விட்டு நீர் எடுத்துப் பார்ப்போம். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கிற அந்த நீரில்தான் நோயின் அடையாளம் கிடைக்கும். இடுப்பெலும்பின் உச்சியைத் தொட்டு, அங்கிருந்து நேராக முதுகின் நடுவுக்கு வந்து, இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தைக் கட்டைவிரலால் தேடுவோம். பள்ளம் கிடைத்தால் ஊசி, ஊசி போனால் நீர். எனக்குப் பெரும்பாலும் முதல் குத்திலேயே வந்துவிடும். நோயாளியைக் குனியவைத்துப் பிடித்துக்கொள்ளும் நர்ஸம்மா ஒருவர் இருந்தார். "இன்னா சார், உங்க வெரலுக்குக் கண்ணு கிண்ணு இருக்குதா?" என்று கிண்டலாகத்தான் கேட்டார். நான் அதைப் பட்டமாக எடுத்து மாட்டிக்கொண்டேன்.

அங்கே என்னிடம் வந்தவர்கள் பாதிப்பேர் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், நாளெல்லாம் குனிந்து வேலை செய்கிறவர்கள். ஒட்டி உலர்ந்த முதுகுகள். எலும்புகளைத் தூரத்தில் நின்றே எண்ணிவிடலாம். அந்த முதுகில் உங்களில் யார் குத்தினாலும் நீர் வந்திருக்கும். அவர்கள் அரை வயிற்றுக்குச் சாப்பிட்டதால் எனக்குப் பேர் கிடைத்தது. இது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது.

பிறகு விழுப்புரத்தில் நம் மருத்துவமனைக்கு வந்தேன். இங்கே அல்ட்ராசவுண்டு ஸ்கேன் அறை கீழ்த்தளத்தில், நம் வார்டு இரண்டாவது மாடியில். சட்டப்படி ஸ்கேன் மிஷின் அந்த அறையின் பேரில் பதிவானது, வெளியே எடுத்துப்போகக் கூடாது. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்கிற அக்கிரமத்தைத் தடுக்க வந்த சட்டம் அது. ஒருமுறை மிஷினை வார்டுக்குத் தள்ளிவரக் கேட்டபோது ஸ்கேன் டாக்டர் மறுத்துவிட்டார். "கதவைத் தாண்டினா என் வேலை போயிடும் சார். நோயாளியை இங்க கொண்டுவாங்க, எந்த நேரத்துலயும் பார்த்துத் தர்றேன்" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்த அறைப்பக்கம் போகவில்லை. கர்ப்பிணிகள் வரிசையில் என் நோயாளியின் ட்ராலியையும் நிறுத்தி, "ஊசி குத்த இடம் பார்த்துக் கொடுங்கள்" என்று அவரிடம் கேட்பதா என்ற வீம்பு.

இந்த நிலைமையில்தான் அஞ்சலை வந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன். அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், இரண்டு பிள்ளைகள். கணவர் ஏழுமலை கூட்டேரிப்பட்டில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். அஞ்சலைக்கு இரண்டு வாரமாகக் காய்ச்சல், தலைவலி, வாந்தி. கழுத்தை மடக்க முடியவில்லை. தலைக்கு சி.டி. எடுத்துப் பார்த்தோம், முதுகில் நீர் எடுக்கத் தடையாக ஒன்றும் இல்லை. காசநோய்க் கிருமி மூளையைச் சுற்றி இறங்கியிருக்கிறது என்று எனக்கு முதல் பார்வையிலேயே சந்தேகம் இருந்தது. அதை உறுதி செய்து உடனே மருந்தை ஆரம்பித்தால் பிழைத்து நடந்து வீட்டுக்குப் போவார். தாமதித்தால் மூளையும் கண்ணும் போகலாம், உயிரும் போகலாம். அன்றைக்கு அந்த அம்மாவுக்கு எல்லாமே அந்த நீரில்தான் இருந்தது.

ஏழுமலை ஒப்புக்கொள்ளவில்லை. "முதுவுல ஊசின்னா வேணாங்க சார். ரெண்டாவது புள்ளைக்கு ஆப்ரேஷன் பண்ணப்ப முதுவுல போட்டாங்க. அதுலருந்து குனிஞ்சு நிமிர முடியலன்னு சொல்லிக்கினே இருக்கா. எங்கூர்ல ஒருத்தருக்கு இதே மாதிரி தண்ணி எடுத்தாங்க, அப்பால அவரு எழுந்துக்கவே இல்ல."

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கக் கூடாது. அவர் பார்த்ததைத்தான் சொல்கிறார். நாம் நோய் முற்றிய பிறகு நீர் எடுக்கிறோம், ஆள் நோயால் செத்துப்போகிறார், ஊருக்குத் தெரிவது ஊசி மட்டும்தான். அதை அவருக்குப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். எனக்குப் புறநோயாளிகள் காத்திருந்தார்கள். அதனால் குறுக்கு வழியில் போனேன்.

"ஒரே ஊசிதான் ஏழுமலை. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்" என்றேன்.

கண்ணை மூடிப் படுத்திருந்த அஞ்சலை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "நெசமாவே ஒண்ணுதானே சார்?"

"ஒண்ணுதாம்மா."

அவர் தலையை ஆட்டினார். அவர் ஆட்டியதால்தான் ஏழுமலை கையெழுத்துப் போட்டார்.

அஞ்சலை கனத்த உடம்புக்காரர். பக்கவாட்டில் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்துக் குனியவைத்தோம். கையுறை போட்டு விரலை வைத்தேன். இடுப்பெலும்பு எங்கே என்று தெரியவில்லை. முள்ளெலும்பு தெரியவில்லை. எங்கே அழுத்தினாலும் ஒரே மாதிரிதான் இருந்தது. விரலுக்குக் கண் இருக்கிறதாகச் சொன்னார்களே, அந்தக் கண்ணுக்கு அன்று ஒன்றும் புலப்படவில்லை.

என்னோடு நின்ற ஜூனியர் டாக்டர் பெண், வேலையில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, மெதுவாகச் சொன்னார்: "சார், கீழ ஸ்கேன் ரூமுக்குக் கொண்டுபோய் மார்க் பண்ணிக்கலாமா? நான் படிச்ச இடத்துல இந்த மாதிரி பேஷண்டுக்கு அப்படித்தான் சார் பண்ணுவோம்."

"இத்தனை வருஷமா ஸ்கேன் பார்த்தா நான் குத்துனேன்?"

நர்ஸ், வார்டு ஆயா, திரைக்கு அந்தப்பக்கம் பக்கத்துப் படுக்கைக்காரர்கள், எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். அவர் முகம் சிவந்து, வாயை மூடிக்கொண்டார். நானும் திருப்தியாகக் குத்த ஆரம்பித்தேன்.

முதல் குத்து எலும்பில் முட்டியது. இரண்டாவதும் எலும்பு. மூன்றாவதில் அஞ்சலை கத்தினார். நான்காவதில் ஒன்றும் வரவில்லை. "குனிம்மா, நல்லா குனி. குனின்னா குனியணும்! நீ குனியாம நான் எப்படிக் குத்தறது?" என்று சத்தம் போட்டேன். நீங்களும் இதைச் செய்யத்தான் போகிறீர்கள், அதனால் சொல்கிறேன். ஊசி தவறும்போதெல்லாம் நாம் நோயாளியைத் திட்டுகிறோம். அந்த அம்மா தன்னால் முடிந்த அளவுக்குக் குனிந்துதான் இருந்தார். பழியை யார் தலையிலாவது கட்ட வேண்டியிருந்தது, பக்கத்தில் அவர்தான் இருந்தார். ஐந்தாவது குத்தில் ஊசி வழியாக ரத்தம் வந்தது.

திரைக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஏழுமலையின் குரல் கேட்டது. "அஞ்சு." திரையை விலக்கி உள்ளே வந்தார். "அஞ்சு வாட்டி குத்திட்டீங்க சார். ஒண்ணுன்னு சொன்னீங்க. இன்னும் குத்திக்கினே இருப்பீங்களா?" அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அஞ்சலையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு, "நாளைக்குக் காலையில பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினேன்.

அந்த மாலையே சந்தேகத்தின் பேரில் காசநோய் மருந்தை ஆரம்பித்திருக்கலாம். நீர் கிடைக்காவிட்டால் என்ன, நோயாளி கண்முன்னே கிடக்கிறார். அதையும் செய்யவில்லை. நீரைப் பார்த்துவிட்டு ஆரம்பிப்போம், எப்படியும் நாளைக்கு எடுத்துவிடுவேன் என்று நினைத்தேன். இந்தத் தப்பு ஊசித் தப்பைவிடப் பெரியது. ஆனால் இரண்டும் ஒரே திமிரிலிருந்து வந்தவை.

காலையில் படுக்கை காலியாக இருந்தது. கேஸ் ஷீட்டில் "எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் அழைத்துச் செல்கிறோம்" என்று எழுதி, அடியில் ஏழுமலையின் கையெழுத்து. ஜூனியர் டாக்டர் அதிலிருந்த எண்ணுக்கு மூன்று நாள் விடாமல் கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை. அனந்தபுரம் என்ன அடுத்த தேசமா? பஸ் ஏறியிருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்திருக்கலாம். போக வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

மூன்றாவது வாரம் ஆம்புலன்ஸில் வந்து இறங்கினார்கள். அஞ்சலை பாதி நினைவில் இருந்தார். கூப்பிட்டால் பதில் சொல்வார், பிறகு அப்படியே தூங்கிப்போவார். ஏழுமலை தாடியும் அழுக்குச் சட்டையுமாக நின்றார். "திண்டிவனத்துல மச்சினிச்சி வூட்ல வெச்சிருந்தேன் சார். அங்க ஒரு டாக்டருகிட்ட காட்டினோம். ஊசி போட்டாரு, ரெண்டு நாளு நல்லா இருந்தா. அப்பால திருப்பியும் வாந்தி." பிறகு சொன்னார்: "மூணு நாளா லைட்டப் போடு, லைட்டப் போடுன்னு கேட்டுக்கினே இருக்கா. பகல்ல சார். பட்டப்பகல்ல கேக்கறா."

டார்ச்சை எடுத்துக் கண்ணில் அடித்துப் பார்த்தேன். இரண்டு கண்மணியும் சுருங்கவில்லை, பார்வை போயிருந்தது.

அப்போதே காசநோய் மருந்தையும், மூளை வீக்கம் குறைய ஊசியையும் ஆரம்பித்தோம். மறுபடி சி.டி. எடுத்தோம். அழுத்தத்தைக் குறைக்கவும் நோயை உறுதி செய்யவும் முதுகில் நீர் எடுக்கலாம் என்று மூளை அறுவை சிகிச்சை டாக்டரும் சொன்னார். இந்தத் தடவை நான் படியிறங்கி ஸ்கேன் அறைக்குப் போனேன். ஸ்கேன் டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "உடனே கொண்டுவாங்க சார்" என்றார், அவ்வளவுதான். பழையதை நினைவுபடுத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ட்ராலியை லிப்டுக்குள் தள்ளும்போது ஏழுமலை கேட்டார்: "எங்க இட்டுக்கினு போறீங்க?"

"கீழ ஸ்கேன் ரூமுக்கு. எங்க குத்தணும்னு மிஷின்ல பார்த்துட்டுக் குத்தலாம். ஒரே தடவையில வந்திரும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அந்த ரூமு அன்னிக்கு மூடியிருந்துச்சா சார்?"

நான் லிப்டின் பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றேன்.

கீழே கர்ப்பிணிப் பெண்கள் தாங்களாகவே நகர்ந்து வழிவிட்டார்கள். ஏழுமலையை அந்த வரிசைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினோம். அஞ்சலையைப் பக்கவாட்டில் திருப்பியபோது நினைவு வந்து, முதுகில் கை பட்டதும் உடம்பு விறைத்தது. "யாரு அது? மின்ன வாட்டி குத்துனவரு வேணாங்க. அவரு வேணாங்க" என்றார்.

மிஷினின் கருவியை முதுகில் வைத்துப் பிடித்திருந்த ஜூனியர் டாக்டர் என்னைப் பார்த்தார். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவர் இல்லம்மா. நான் வேற டாக்டர்" என்றேன்.

ஊசியை அந்தப் பெண்ணிடம் கொடுத்திருந்தால் நான் சொன்னது உண்மையாகவே ஆகியிருக்கும். அந்த முறையைப் படித்தவர் அவர்தான். கொடுக்கவில்லை. நானே எடுத்து நானே முடிக்க வேண்டும் என்று இருந்தது. அந்த நிலைமையிலும் என் கணக்கை நேர்செய்துகொள்ளத்தான் பார்த்தேன்.

திரையில் எலும்புகள் கறுப்பாகவும், அவற்றுக்கு இடையில் ஊசி போக வேண்டிய சந்து வெளிச்சமாகவும் தெரிந்தன. உண்மையான நடுக்கோடு, நான் முன்பு குத்திய தழும்புகளிலிருந்து இரண்டு விரற்கடை மேலே இருந்தது. கனத்த உடம்பு பக்கவாட்டில் படுக்கும்போது சதை கீழே சரியும், தோலில் தெரிகிற மடிப்பும் கூடவே சரியும். நான் அந்த மடிப்பை நடு என்று நம்பி ஐந்து தடவையும் தப்பான இடத்தில் தேடியிருக்கிறேன். அஞ்சலை எவ்வளவு குனிந்திருந்தாலும் அங்கே நீர் கிடைத்திருக்காது. ஜூனியர் டாக்டர் தோலில் பேனாவால் ஒரு குறி போட்டார், எவ்வளவு ஆழம் என்று அளந்து சொன்னார். அஞ்சலையைக் கொஞ்சமும் நகர்த்தாமல் அந்தக் குறியில் ஊசியை விட்டேன். ஒரே குத்து. நீர் வந்தது. அழுத்தம் அதிகமாக இருந்ததால் வேகமாகவே வந்தது.

"ஆயிடுச்சாங்க?" என்றார் அஞ்சலை.

"ஆயிடுச்சும்மா."

"ஒண்ணே ஒண்ணுதான். நல்லா இருங்க சார்."

சோதனையில் காசநோய்தான் என்று வந்தது. மருந்து கேட்டது. காய்ச்சல் இறங்கியது, வாந்தி நின்றது, கஞ்சி குடித்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கண் மட்டும் வரவில்லை. கண் டாக்டர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, நரம்பு செத்துவிட்டது என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். முதல் நாளே மருந்து போயிருந்தால் கண் தப்பியிருக்குமா என்று அவரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு நிறைய இருந்திருக்கும் என்றார். அந்தப் பதிலோடுதான் இத்தனை நாளாக இருக்கிறேன்.

அதற்குப் பிறகு நம் வார்டில் நானே ஒரு பழக்கம் கொண்டுவந்தேன், உங்களுக்குத் தெரியும். விரலுக்கு எலும்பு தட்டுப்படாத முதுகு என்றால் முதல் குத்துக்கு முன்பே கீழே ஸ்கேன் அறை. விரலை நம்பிக் குத்துகிற முதுகாக இருந்தாலும் இரண்டு குத்துக்கு மேல் கிடையாது. நான் ஏன் அதில் அத்தனை கறாராக இருந்தேன் என்று உங்களில் பலருக்குத் தெரியாது. வயதானவரின் பிடிவாதம் என்று நினைத்திருப்பீர்கள். மிஷின் நீரைக் கண்டுபிடித்துக் கொடுக்கும், சரி. அதைவிட முக்கியமாக, நீங்கள் கொடுத்த வாக்கையும் காப்பாற்றிக் கொடுக்கும். நீர் இன்றைக்கு வராவிட்டால் நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். நோயாளி பயந்து எழுந்து போய்விட்டால் நாளைக்கு யாருடைய முதுகில் எடுப்பீர்கள்?

வீட்டுக்கு அனுப்புகிற நாளன்று, ஏழுமலை மருந்து வாங்கப் போயிருந்தார். அஞ்சலை கட்டிலில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சொல்லிவிடுவது என்று முடிவுசெய்துதான் வந்திருந்தேன். "அம்மா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். கீழ ஸ்கேன் ரூம்ல அன்னைக்கு நான்..."

"தெரியும் சார்" என்றார்.

"என்ன தெரியும்?"

"மின்ன குத்துனவரும் நீங்கதான்னு. குனி குனின்னு கத்துன கொரலாச்சே. அது மறக்குமா?"

"எப்பத்திலிருந்து தெரியும்?"

"வேற டாக்டருன்னு சொன்னீங்களே, அப்பவே."

"அப்ப ஏம்மா ஒண்ணும் சொல்லலே? 'நல்லா இருங்க'ன்னு வேற சொன்னீங்களே?"

அவர் புடவைத் தலைப்பைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஊசி உங்க கையில இல்ல இருந்துச்சு? நீங்கதான்னு தெரியும்னு சொல்லிட்டா உங்களுக்குக் கோவம் வந்துரும், இல்லாட்டி கையி ஒதறும். அப்பால திருப்பித் திருப்பிக் குத்துவீங்க. அதான் சார், ஒண்ணும் தெரியாத மாதிரி படுத்துக்கினேன். நல்லா குனிஞ்சேன் இல்ல?"

அதை மன்னிப்பு என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது. வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் தெரிந்தது, அந்த அம்மா என்னை மன்னிக்கவில்லை. கண் போன நிலையிலும், உயிர் ஊசலாடுகிற நேரத்திலும், என் கோபத்துக்குப் பயந்து என்னைச் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் கத்தியது அவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது.

"குனிஞ்சீங்கம்மா" என்று மட்டும் அப்போது சொன்னேன். "அன்னைக்கும் நல்லாத்தான் குனிஞ்சீங்க."

"அப்படியா சார்?" என்றார் அஞ்சலை. "நான் சரியா குனியலன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். அதனாலதான் கண்ணு போயிடுச்சோன்னு."